விடிகிற நேரத்துக் கதவு மணி

காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் கதவு மணி அடித்தால் முதலில் கதவைத் திறவுங்கள். பல் தீட்டுவது, கோப்பி போடுவது எல்லாம் பிறகு பார்க்கலாம். சுவிஸில் துன் ஏரிக்கரையில் இருக்கும் ஓட்டக்காரர் வீட்டுக்கு, நான் ஓய்வுபெற்ற இடத்துக்கு, வேலைக்கு வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். டொச், அதுதான் ஜெர்மன் மொழி, உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த ரயில் எந்த மேடையில் வரும், எந்த ஊரில் எவ்வளவு குளிர் என்று உங்கள் போனே சொல்லிவிடும். நான் சேர்ந்தபோது ஒரு மழைக்கோட்டும், ஏற்றத்தில் இருமுகிற ஒரு பழைய வான் வண்டியும்தான் தந்தார்கள்.

என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு விளங்கப்படுத்தவே எனக்குக் கனகாலம் பிடித்தது. எங்கள் மனேஜர் எத்தியோப்பியாவிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்களை ஐரோப்பியப் போட்டிகளுக்குக் கூட்டி வருவார். போட்டிக் காலம் முழுக்க அவர்கள் அந்த வீட்டில் தங்குவார்கள். விமான நிலையத்தில் போய் ஏற்றுவது, சமைப்பது, ஆற்றங்கரையில் அவர்கள் ஓடும்போது பின்னால் சைக்கிளில் தண்ணீர் கொண்டு போவது, தோற்று வந்தால் பக்கத்தில் வாய் திறக்காமல் இருப்பது, இவ்வளவும் என் பொறுப்பு. டொச்சில் இதற்குப் பெரிய பதவிப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் தமிழ் ஆட்களிடம் நான், "ஓடுற ஆக்களைப் பாக்கிறன்" என்றுதான் சொல்வேன். "சும்மா பாக்கிறதுக்கும் சம்பளம் தருவாங்களோ?" என்று கேட்பார்கள். "ஓம், நல்லாப் பாத்தால் தருவாங்கள்" என்பேன்.

கதவு மணிக்கு வருகிறேன். பெரிய ஓட்டக்காரர்களும் பெரிதாக வருவார்கள் என்று கருதப்படுகிறவர்களும் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊக்கமருந்துப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேரத்தில் வந்து மணி அடிப்பார்; கொன்ட்ரோல் என்பார்கள். ஆள் இல்லாவிட்டால் அது ஒரு குற்றம். ஒரு வருஷத்துக்குள் மூன்று சேர்ந்தால் ஓடத் தடை. எங்கள் வீட்டில் எல்லோரும் காலை ஆறு மணியைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் கட்டாயம் வீட்டில் இருப்பார்கள்.

நான் சேர்ந்த முதல் கோடையில் ஒருநாள் ஆறு மணிக்கு மணி அடித்தது. நான் குசினியில், அடுப்படியில், நின்றேன். கால் அசையவில்லை. உங்களுக்கு இது விளங்காது, விளங்கவும் தேவையில்லை. அகதியாக வந்து முகாமில், காம்பில், கிடந்த எங்களுக்கு, விடியற்காலையில் மணி அடித்தால் பொலிஸ் என்று அர்த்தம். வழக்குத் தோற்ற ஆட்களை அந்த நேரத்தில்தான் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். எனக்குப் பெர்மிட் கிடைத்து, பிறகு சுவிஸ் பாஸ்போட்டும் கிடைத்துவிட்டது. உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மணி திரும்ப அடித்தது. மேல்மாடியிலிருந்து ஒரு மெல்லிய பெண் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். கையில் அடையாள அட்டை. என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் தோளில் பையோடு நின்றது, பார்த்தால் ஓய்வுபெற்ற தாதி மாதிரி இருந்த ஒரு சுவிஸ் மனுஷி. பரிசோதனை முடிந்து மனுஷி போன பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. உங்களைப் பிடிக்க வரேல்லை. என்னைத்தான் பிடிக்க வந்தவை."

அவள்தான் ஹிருத். அவளுக்குத் தமிழில் அண்ணை என்ற சொல்லோடு இன்னும் ஏழெட்டுச் சொல் தெரியும், என்னைப் பார்க்க வரும் எங்கள் ஆட்களிடம் பொறுக்கிக்கொண்டவை. மற்றபடி நாங்கள் கதைத்தது அரை டொச், அரை இங்கிலிஷ், மிச்சம் கையும் காலும். அதை அப்படியே எழுதினால் உங்களுக்குத் தலையிடி வரும் என்பதால் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அவள் ஒரு சின்னப் பெட்டை. முதல் போட்டியில் மழை. ஓடுபாதையில் தண்ணீர் நின்ற இடமெல்லாம் சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசிக்கு முன்னால் வந்தாள். வானில் திரும்பி வரும்போது அழுவாள் என்று நினைத்தேன். "உங்கடை நாட்டிலை மழை நேரம் பாத்துத்தான் பெய்யும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு வருஷம் மற்றவர்களுக்கு வேகம் போட்டுக் கொடுக்க ஓடினாள். இங்கே அவர்களை முயல் என்பார்கள். பாதித் தூரம் முன்னால் ஓடி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டு ஒதுங்கவேண்டும். ஹிருத் ஒதுங்கிய இடத்திலேயே நின்று, தன்னைக் கடந்து போகிறவர்களுக்குக் கை தட்டுவாள். உனக்கு மனம் பொறுக்குதோ என்று ஒருமுறை கேட்டேன். "நான் வழி படிக்கிறன் அண்ணை" என்றாள்.

படித்துத்தான் இருந்தாள். மரதன், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஓடத் தொடங்கியதும் சனம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. காலையில் ஏரிக்கு மேல் பனிப்புகார், அதற்கு மேலே நீசென் மலையின் நுனி மட்டும், கீழே ஆற்றங்கரையில் அவளுடைய காலடிச் சத்தம். நான் சைக்கிளில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். புதனும் வெள்ளியும் அவர்களுக்கு விரதம், மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் வெள்ளி மரக்கறிதான் என்று சொன்னபோது, "அப்ப நீங்களும் எங்கடை ஆக்கள்தான்" என்று முடிவு கட்டிவிட்டாள். இடியப்பமும் சம்பலும் செய்தால் அவளுக்கு அளவே இல்லை. சம்பலுக்கு உறைப்புக் காணாது என்று எனக்கே சொன்ன ஒரே ஆள் அவள்.

அவளுடைய நாட்டில் ஒலிம்பிக்கில் பதக்கம் எடுப்பது சுகம், அணிக்குள் போவதுதான் கஷ்டம் என்று பகிடியாகச் சொல்வார்கள். மரதனுக்கு மூன்று பேர்தான் போகலாம். வாசலில் நிற்பதோ ஊர்ப்பட்ட சனம். ஹிருத் இரண்டு ஒலிம்பிக்குக்கு நாலாவது ஆளாக நின்று வீட்டில் இருந்து பார்த்தவள். மூன்றாவதுக்கு முன்னான வசந்தத்தில் அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பக்கத்து நாட்டு நகரம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மரதனில் அவள் ஓடும் நேரத்தை வைத்துத்தான் முடிவு என்று அவர்கள் நாட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் இன்னும் நாலு வருஷம். அதற்குள் கால் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பயிற்சி செய்ததைப் பார்த்த எனக்கு, இந்த முறை இவளை யாராலும் நிற்பாட்ட முடியாது என்று தோன்றியது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய ஓட்டத்துக்கு முந்திய கிழமை தன்னுடைய போனை என்னிடம் தந்துவிடுவாள். ஊர்க் கதை, பிறத்தியார் கதை ஒன்றும் காதில் விழக்கூடாது என்பாள். ஒரே ஒரு அழைப்புக்கு மட்டும் நான் அவளைக் கூப்பிடவேண்டும். அது அவளுடைய அப்பா. மலையில் பார்லி விதைக்கிறவர். மகன் வீட்டுப் போனில் வந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அதே வசனத்தைச் சொல்வார். "விழாமல் ஓடு, மிச்சத்தை அவர் பாப்பார்." அவர் என்பது கடவுள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் ஓடுகிற சப்பாத்தைக் காலுக்கு எடுத்து வைப்பாள்.

அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னுடைய போனுக்கு அவளுடைய தமையன் எடுத்தான். குரலிலேயே விளங்கிவிட்டது. அப்பா முதல்நாள் வயலில் விழுந்தவர் எழும்பவில்லை. அவர்களுடைய வழக்கப்படி அடக்கமும் உடனேயே முடிந்துவிட்டது.

"அவளுக்குச் சொல்லாதேங்கோ அண்ணை. இனி வந்தும் முகம் பாக்கேலாது. ஞாயிறு ஓடட்டும். திங்கள் விடியச் சொல்லுவம்."

நான் மனேஜருக்கு அறிவித்தேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஹிருத்துக்குக் காய்ச்சல் என்றால் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி ஓடி வருகிறவர். அவரும் அதையேதான் சொன்னார். குடும்பமே கேட்கிறது, நாங்கள் யார் மறுக்க, போன் உன்னிடம்தானே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

போனை நான் குசினி லாச்சியில், கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில், வைத்திருந்தேன். செவ்வாய் பின்னேரத்திலிருந்து அது ஓயவில்லை. துக்கம் விசாரித்து உலகம் முழுக்க இருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் போன் அதிரக் கரண்டிகளும் சேர்ந்து கிடுகிடுத்தன. நான் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டுச் சோறு வடித்தேன்.

பிள்ளைகளே, இப்போது என்னுடைய கதை கொஞ்சம் கேட்கவேண்டும். நான் காம்பில் இருந்த காலத்தில் ஊரில் என்னுடைய அம்மா செத்துப்போனா. செய்தி என் அறையில் இருந்த பெடியளுக்கு வந்தது. எனக்கு அகதி விசாரணை கிட்ட இருந்ததால், இவன் குழம்பிப்போய் ஏதும் மாறிச் சொல்லிவிடுவான் என்று அவர்கள் மறைத்தார்கள். நல்ல பெடியள். என்னுடைய நன்மைக்குத்தான் செய்தார்கள். விசாரணை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அம்மாவின் எட்டுச்செலவு, அதுதான் எட்டாம் நாள் படையல், நடந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அதுவும் வென்று, மேசையில் கையால் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். துடக்கு, சாவுத் தீட்டு, உள்ளவன் என்று தெரியாமல் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறேன். எனக்குப் பெர்மிட் கிடைத்தது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

புதன்கிழமை பின்னேரம் வீட்டில் இருந்த மற்ற இரண்டு பெண்கள் ஹிருத்தைக் கதிரையில் இருத்தி, ஓட்டத்துக்காகத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேறு ஊர்க்காரர், அவர்களுக்கும் விஷயம் எட்டவில்லை. தலையோடு ஒட்டினாற்போல் வரிவரியாகப் பின்னுவது, அதற்கு நேரம் எடுக்கும். ஒரு கலியாணப் பாட்டை மூன்று பேருமாகப் பாடினார்கள். ஹிருத் தோளை மட்டும் குலுக்கி ஆடினாள். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன்.

"அண்ணை, அப்பா எடுத்தவரோ?"

"இல்லைப் பிள்ளை. அங்கை லைன் சரியில்லையாம்."

"அது எப்பவும் அப்பிடித்தான். நாளைக்கு எடுப்பார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பாடத் தொடங்கினாள்.

எனக்கு அந்தக் கலியாணப் பாட்டு காதில் சீட்டுக்கட்டுச் சத்தமாகத்தான் கேட்டது. தட்டை வைத்துவிட்டு வெளியே போய் வானுக்குள் இருந்தேன். நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

பேர்ண் நகரில் கோப்பிக்கடை வைத்திருந்த ஒரு எத்தியோப்பிய அம்மாவை எனக்குத் தெரியும். எங்கள் ஓட்டக்காரர்கள் ஊர்க் கோப்பி குடிக்கவும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவும் அவவிடம்தான் போவார்கள். வானுக்குள் இருந்தபடி அவவுக்கு எடுத்தேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முதலே, "நீங்கள் எப்ப எடுப்பியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா.

"உங்கடை வழக்கம் மறைக்கிறதுதான் எண்டு தமையன் சொல்லுறான், அம்மா."

"மறைக்கிறது ராவுக்கு மட்டும். ஆள் வடிவா நித்திரை கொண்டு எழும்பவேணும் எண்டதுக்காக. விடிஞ்ச உடனை நாலு பேராப் போய்ச் சொல்லவேணும். ஒரு கிழமை மறைக்கிறது வழக்கமில்லை, அது வசதி."

"அப்ப நான் நாளைக்கு விடியச் சொல்லட்டோ?"

"நீங்கள் தனியச் சொல்லப்படாது. சொல்லிப்போட்டுப் போற ஆள் சொல்லக்கூடாது. சொல்லிப்போட்டு இருக்கிற ஆக்கள்தான் சொல்லவேணும். நாங்கள் வாறம். தமையனோடை நான் கதைக்கிறன்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எதைச் செய்தாலும் மனேஜரின் முதுகுக்குப் பின்னால் செய்யாதீர்கள். நான் அன்றைக்கே அவருக்கு எடுத்துச் சொன்னேன், விடியச் சொல்லப் போகிறோம் என்று. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவள் இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தவள் எண்டு உனக்குத் தெரியும். அதை அவளிட்டை இருந்து எடுக்கிற உரிமையை உனக்கு ஆர் தந்தது?" என்றார்.

"அவ என்னை நம்பித்தான் போனைத் தந்தவ" என்று மட்டும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். மனேஜரின் கேள்வி பிழையான கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அது சரியான கேள்வி. அதை நான் வருஷக்கணக்காகச் சுமந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. நான் உடுப்பு மாற்றிக் குசினியில் காத்துக்கொண்டு நின்றேன். ஆனால் நான் கதவுக்குப் போவதற்குள் மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஹிருத் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். புதுப் பின்னல், கண்ணில் இன்னும் நித்திரை, கையில் அடையாள அட்டை.

"கொன்ட்ரோலோ, அண்ணை?"

அந்தக் கேள்வியை ஏன் யோசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஆறு மணிக்கு மணி அடித்தால் வேறு யார் வருவார்கள்? நான் கதவைத் திறந்தேன். கோப்பிக்கடை அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் நின்றார்கள். எல்லோரும் வெள்ளைச் சால்வை. அவர்கள் சால்வையின் கரையைக் கோயிலுக்கு ஒருவிதமாகவும் சாவீட்டுக்கு ஒருவிதமாகவும் போடுவார்கள். அன்றைக்குக் கரை, சாவீட்டு மாதிரி, கழுத்தைச் சுற்றி மேலே ஏறியிருந்தது. ஹிருத் அதைப் பார்த்தாள். அட்டை கையிலிருந்து விழுந்தது. கோப்பிக்கடை அம்மா ஒரு வசனம்தான் சொன்னா, அதுவும் முடியவில்லை.

அந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊர்ச் சாவீட்டு ஒப்பாரி கேட்டு வளர்ந்த நானே ஜன்னல்களைச் சாத்தப் போனேன். விடியற்காலை ஆறு மணி, சுவிஸ் நாட்டில், சுவர் ஒட்டிய வீடுகளில். நான் பயந்தபடி பக்கத்து வீட்டு மனுஷி வீட்டுக் கோட்டோடு வந்து கதவைத் தட்டினா. உடுப்புத் தோய்க்கிற அறையில் எங்கள் முறை ஐந்து நிமிஷம் பிந்தினாலும் துண்டு எழுதி ஒட்டுகிற மனுஷி. "அவளின்ரை அப்பா செத்துப்போனார்" என்று டொச்சில் சொன்னேன். மனுஷி உள்ளே எட்டிப் பார்த்தா, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனா. பிறகு பார்த்தால் வாசலில் துணியால் சுற்றிய, பின்னல் போல் சுட்ட பாண் ரொட்டி ஒன்று இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

மனேஜர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவர்களோடு நிலத்தில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹிருத் விரலால் தன் பின்னலை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் போல் என்னைக் கேட்டாள்.

"எப்ப?"

"திங்கள்."

"நேத்து நான் பாட்டுப் பாடினனான்."

"ஓம் பிள்ளை."

லாச்சியைத் திறந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள். பின்னேரம் மனேஜர் மெதுவாக, ஞாயிறு இன்னும் இருக்கிறது, நீ விரும்பினால் ஓடலாம், விரும்பாவிட்டால் விடலாம், எல்லாம் உன் விருப்பம் என்றார். நல்ல மாதிரித்தான் சொன்னார். ஹிருத் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கால் ஓடும். எனக்கு வீட்டை போகவேணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான்தான் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கோப்பிக்கடை அம்மா பின்சீட்டில் அவளோடு இருந்தா. உள்ளே போகும்போது ஹிருத் என் தோளில் நெற்றியை ஒரு கணம் வைத்துவிட்டுப் போனாள். அது நன்றியோ, களைப்போ, எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு நான் வீட்டில் தனிய இருந்து அந்த ஓட்டத்தை டிவியில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவளுடைய நாட்டுப் பெண் ஒருத்தி அன்றைக்கு ஓடிய நேரத்துக்கு அணியில் மூன்றாவது இடம் கிடைத்தது. நல்ல பிள்ளை, அவளில் குறை இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் ஹிருத் ஆற்றங்கரையில் ஓடியதைப் பின்னால் சைக்கிளில் போய்ப் பார்த்தவன் நான். அந்த நேரத்தை அவள் நித்திரையில் ஓடியிருப்பாள்.

மனேஜர் அந்தக் கோடை முழுக்க வேலைக் கதையைத் தவிர வேறு கதை என்னோடு கதைக்கவில்லை. ஹிருத் இலையுதிர் காலத்தில் வந்தாள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். பிறகும் சில வருஷம் ஓடினாள், பெரிய நகரங்களில் வென்றாள், முதுகில் அவளுடைய நாட்டுக் கொடியைப் போர்த்திப் படம் எடுத்தார்கள். ஒலிம்பிக்குக்கு மட்டும் அவள் போகவே இல்லை. என்னோடு முந்தி மாதிரியே சிரித்தாள், சம்பலுக்கு உறைப்புக் காணாது என்றாள். போட்டிக் கிழமைகளில் முந்தி மாதிரியே போனை என்னிடம் தந்தாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவளுடைய வாழ்க்கையில் இருந்த ஒரே ஒரு வாசலை நான்தான் அடைத்தேனோ என்ற யோசனை, சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் கூடவே வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதும் வந்தது.

போன குளிர்காலம் எனக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலும் கதிரையுமாக இருந்தேன். ஊரில் எனக்கு ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுத்து, உப்பைக் குறைத்தாயோ, நடந்தாயோ என்று பேசுவா. அந்த ஞாயிறு அக்கா எடுக்கவில்லை. மகளிடம் கேட்டேன்.

"மாமியின்ரை போன் பழுதாம் அப்பா."

நான் நம்பினேன். இதே பொய்யை இதே வாயால் சொன்னவன், நம்பிவிட்டுக் கஞ்சி குடித்தேன் பாருங்கள்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. மகள் எழும்பவில்லை போலும் என்று நானே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். பழைய ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. "கொன்ட்ரோலோ?" என்று பகிடியாகக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன்.

ஹிருத் நின்றாள். நீங்கள் இப்போது கோச் என்று கூப்பிடுகிற அதே ஹிருத்தான். தன்னுடைய இளம் ஓட்டக்காரிகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிழமைதான் துன்னுக்கு வந்திருந்தாள். பக்கத்தில் கோப்பிக்கடை அம்மா, இப்போது ஊன்றுகோலோடு. அவர்களுக்குப் பின்னால், கூட்டிவர முன்னமே இறங்கிப் போயிருந்த என் மகள், அழுது வீங்கிய கண்ணோடு. ஹிருத் சிரிக்கவில்லை. வெள்ளைச் சால்வையின் கரை அவளுடைய கழுத்தைச் சுற்றி மேலே ஏறியிருந்தது.

"இல்லை அண்ணை. கதிரையிலை இருங்கோ."

"அக்காவோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். என் உடம்பு தேறும்வரை மறைப்பது என்று பிள்ளைகள் முடிவு எடுத்திருக்கிறார்கள். ஹிருத் என்னைப் பார்க்க வரப்போவதாகப் போன் எடுக்க, அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிடாதேங்கோ என்று மகள் அவளிடம் கெஞ்சியிருக்கிறாள். ஹிருத் கோபிக்கவில்லையாம். முதலில் டொக்டரிடம் கேள், சொல்லலாமோ என்று கேள் என்றாளாம். இருத்திச் சொல்லுங்கள், குளிசை மருந்து கிட்ட இருக்கட்டும், தனிய விடாதேங்கோ என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். "அப்ப நாளைக்கு விடிய வாறன்" என்றாளாம் ஹிருத். ஏன் இவ்வளவு அவசரம் என்று மகள் கேட்டதற்கு, "உங்கடை அப்பா எனக்கு அப்பிடித்தான் செய்தவர்" என்றாளாம்.

நான் வாய்விட்டு அழுதேன். அக்காவுக்கு அழுதேன், அம்மாவுக்கும் சேர்த்து அழுதேன். ஹிருத் நிலத்தில் என் காலடியில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் வந்தது. ஏரிப் பக்கம் அவளுடைய பிள்ளைகள் பயிற்சிக்கு நிற்பார்கள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷப் பழக்கம், விடுமோ.

"உனக்குப் பயிற்சி நேரமெல்லோ பிள்ளை, போ."

"அவையள் ஓடுவினம், அண்ணை. நான் போறதுக்கு வரேல்லை."

அன்று முழுக்க அவள் போகவில்லை. குசினிக்குள் போய் மகளிடம் கேட்டுக் கேட்டு எனக்குக் கஞ்சி காய்ச்சினாள். உப்பே இல்லை. நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அக்காவின் எட்டுச்செலவை ஊரில் செய்த அதே நாளில் நாங்கள் இங்கே துன்னிலும் படைத்தோம். அக்காவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை மகள் வைத்தாள். ஹிருத் வந்து ஒரு மூலையில் சம்மணம் கட்டி இருந்தாள். நான் விளக்கைக் கொளுத்திக் கும்பிட்டேன். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்டால், என்னால் சொல்ல முடியும்.